நெருப்பும் நம் பிள்ளைகளும்



ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் நமது சங்கத்துக் குடும்பங்கள் பல, குர்பானி இறைச்சியையும் கெத்துப்பாட்டையும் கூடைகளில் எடுத்துக்கொண்டு கடற்கரைப் பூங்காக்களுக்குச் சென்று, கரியடுப்பில் சாத்தே சுட்டுச் சாப்பிட்டு, ஒரு பொழுதைச் சந்தோஷமாகக் கழித்து வருகின்றன. அச்சமயத்தில் பிள்ளைகளை அடுப்பின் பக்கம் விடலாமா, விடக்கூடாதா? இக்கேள்வியைப் பற்றி நாலு வார்த்தை எழுத விரும்புகிறேன். "இதற்கு ஒரு கட்டுரையா?" என்று சிலர் சிரிக்கக்கூடும். 2023-ஆம் ஆண்டுக்கு முன் யாராவது எழுதியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

அந்த ஆண்டு பெருநாள் வியாழக்கிழமை வந்தது. தஷ்ரீக்குடைய நாட்களில் ஒன்றான சனிக்கிழமையன்று எங்கள் குடும்பத்தார் பதினெட்டுப் பேர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் அனுமதிச் சீட்டு எடுத்து ஓர் அடுப்பைப் பிடித்திருந்தோம். அவர்களில் ஏழு பேர் பிள்ளைகள். கரி என் கடையிலிருந்து போயிற்று. மளிகைக்கடைக்காரனாகிய நான் கரியும் விற்பவன். பேராக்கில் கோலா செபெத்தாங் சூளைகளிலே சுட்டெடுக்கும் பக்காவ் மரத்துக் கரியின் குணம் எனக்கு நன்றாகத் தெரியும். புகை குறைவு, சூடு அதிகம், நின்று எரியும். இதைச் சொல்லித்தான் வாடிக்கைக்காரர்களிடம் விற்கிறேன். ஆனால் நின்று எரியும் என்ற அந்த ஒரு குணத்தை என் சொந்தக் காரியத்தில் மறந்துபோனேன்.

அன்று சாயங்காலம் முழுவதும் பிள்ளைகளை விரட்டிக்கொண்டே இருந்தோம். "அந்தப் பக்கம் போ", "நெருப்பு, கிட்டே வராதே", "எத்தனை தடவை சொல்வது?" இவைதாம் நாங்கள் அவர்களோடு பேசிய பேச்சு. பிள்ளைகளும் போய்ப் பந்து விளையாடினார்கள். ஆறரை மணிக்குச் சமையல் முடிந்தது. அடுத்து வருகிறவர்களுக்கு அடுப்பு சுத்தமாக இருக்கட்டுமே என்ற நல்லெண்ணத்தில், மீதமிருந்த கரியை ஒரு தகரத்தால் வழித்துப் பக்கத்து மணலிலே கொட்டி, மேலே மணலைத் தள்ளி மூடினேன். மூடியபின் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காலால் தட்டியும் பார்த்தேன். செருப்புப் போட்ட காலால்! மஃரிபு நேரம் வந்தது. ஆண்கள் அத்தனை பேரும் ஸஃப்பாக நின்றோம். இரண்டாவது ரக்அத்தில் அலறல் கேட்டது.

என் தங்கையின் மகள்; அப்போது அவளுக்கு ஆறு வயது. வெறுங்காலோடு பந்தின் பின்னால் ஓடிவந்தவள் அந்த மணலிலே இரண்டு கால்களையும் வைத்துவிட்டாள்.

தொழுகையை முறித்துக்கொண்டு ஓடினோம். (அப்படி ஓடுவது கூடும் என்பது மட்டுமல்ல, கடமையே என்று பின்னர் ஆலிம்சா சொன்னார்.) ஒருவர் பற்பசை தடவு என்றார். ஒருவர் கிச்சாப்பு ஊற்று என்றார். மூன்றாமவர் ஐஸ் பெட்டியைத் திறந்தார். நானோ நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து அடுப்பிலிருந்த ஒரு சீனப் பெண்மணி எங்களையெல்லாம் விலக்கிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழுசாக இருபது நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கால்களை வைத்திருந்தார். பின்பு சமையலறையில் உணவை மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் புதிதாகக் கிழித்து, இறுக்காமல் சுற்றி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். அவர் ஒரு தாதி என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. பற்பசையும் எண்ணெயும் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். ஐஸ் வெந்த தோலை இன்னும் கெடுத்துவிடுமாம். குழாய்த் தண்ணீர்தான் மருந்து, அதுவும் இருபது நிமிஷம். இதை இங்கே விரிவாக எழுதுவதற்குக் காரணம், அன்று அங்கிருந்த பதினொரு பெரியவர்களில் ஒருவருக்கும் இது தெரியவில்லை என்பதுதான்.

மூன்று வாரத்தில் புண் ஆறியது, அல்ஹம்துலில்லாஹ். தழும்பு இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது என் அக்காள் மகன், ஒன்பது வயதுப் பையன், காரில் மெதுவாகச் சொன்னான்: "மாமா, நீங்கள் அங்கே கொட்டினதை நான் பார்த்தேன்."

"பார்த்தவன் ஏனப்பா அவளிடம் சொல்லவில்லை?"

"அந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொன்னீர்களே, மாமா."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இதற்குப் பின் எங்கள் வீட்டில் இரண்டு அபிப்பிராயங்கள் எழுந்தன. என் மச்சான், அதாவது அந்தக் குழந்தையின் அத்தா, இனிமேல் பிள்ளைகள் இருக்குமிடத்தில் கரியடுப்பே வேண்டாம் என்றார். பெற்றவர் சொல்கிறார், அவருக்கு அந்த உரிமை உண்டு. குடும்பத்துப் பெரியவர் ஒருவரோ, "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம். எங்கள் காலத்தில் பிள்ளைகள் நெருப்போடுதான் வளர்ந்தார்கள். இதற்குப் போய் இவ்வளவு விசாரம் எதற்கு?" என்றார்.

பெரியவரின் பேச்சு என் மனத்துக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததனாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகமும் வந்தது. நாட்டம் அவனுடையது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் மணலைத் தள்ளி மூடியது என் கை அல்லவா? மத்ரஸாவில் எங்கள் உஸ்தாது ஒரு மஸ்அலா சொல்லித் தருவார். பொதுவழியில் ஒருவன் கிணறு தோண்டி, மூடாமலும் அடையாளம் வைக்காமலும் போய்விட்டான். வழிப்போக்கன் ஒருவன் அதில் விழுந்து அடிபட்டால், தோண்டியவன் ஈடு கொடுக்கவேண்டும். "நான் அவனைப் பிடித்துத் தள்ளவில்லையே" என்பது அங்கே செல்லாது. "கெட்ட எண்ணம் எனக்கு இல்லையே" என்பதும் செல்லாது. எண்ணத்துக்குக் கூலி அல்லாஹ்விடத்தில். அடிபட்டவனுக்கு ஈடு இங்கேயே. பன்னிரண்டு வயதில் இதை மனப்பாடம் செய்து ஒப்பித்து உஸ்தாதிடம் சபாஷ் வாங்கியவன் நான். கடற்கரையும் பொதுவழிதான் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு உறைத்தது. அன்று என் தங்கை மகள் மிதித்தாள். நாங்கள் போனபின் வேறு யாராவது பிள்ளை மிதித்திருந்தால் எனக்குச் சேதிகூட வந்திருக்காது.

வழியிலே கிடக்கிற முள்ளை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக எண்ணுகிற சமுதாயம் நாம். தூங்கப் போகுமுன் நெருப்பை அணைத்துவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு குடியிருந்தவர்களோடு எரிந்துபோன செய்தி வந்தபோது, நெருப்பு உங்களுக்கு எதிரி என்ற கருத்தில் எச்சரித்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. எலி விளக்குத் திரியை இழுத்துப்போய் வீட்டைக் கொளுத்திவிடும் என்று கூடச் சொல்லியிருக்கிறார்கள். பாருங்கள், எலி வரைக்கும் கணக்கு எடுத்திருக்கிறார்கள்! தவக்குலைக் காட்டித் தன் கவனக்குறைவை மூடிக்கொள்ள நினைப்பவன் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நமது பாட்டிமார்கள் ஊரில் இராத்திரி தணலைச் சாம்பலால் மூடிவைத்து, விடியற்காலையில் ஊதி எடுத்து அடுப்புப் பற்றவைப்பார்கள். மூடினால் நெருப்பு சாகாது, பிழைத்துக் கிடக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீறு பூத்த நெருப்பு என்று மேடையில் பேசக் கேட்டிருக்கிறோம். நான் மணலைப் பூக்க வைத்தேன்.

ஆகவே பெரியவரின் கட்சியில் சேர எனக்கு மனம் வரவில்லை. அப்படியானால் மச்சானின் கட்சியா?

வெகு நாள் யோசித்தேன். என் மருமகன் காரில் சொன்ன சொல் திரும்பத் திரும்ப வந்தது. நாங்கள் பிள்ளைகளை விலக்கி வைக்காமல் இருந்தோமா? விலக்கித்தான் வைத்தோம், வேண்டிய மட்டும் விரட்டினோம். கண்ணுக்குத் தெரிந்த நெருப்பிலிருந்து விலக்கினோம். கண்ணுக்குத் தெரியாத நெருப்பு எங்கே இருக்கிறதென்று அவர்களுக்குச் சொல்ல யாருமில்லை. அடுப்பின் வேலையில் ஆரம்பம் முதல் ஒரு பங்கு அவர்களுக்கு இருந்திருந்தால், கரி எங்கே போயிற்று என்பது ஏழு பேருக்கும் தெரிந்திருக்கும். பார்த்த ஒருவனும் வாய் திறக்காததற்கு நாங்கள் போட்ட சட்டமே காரணம்.

வியாபாரிகளுக்குப் புரியும்படி சொல்வதானால், யத்தீமின் சொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொறுப்பாளி அதைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று சொல்லலாமா? யத்தீம்களின் பொருளை வியாபாரத்தில் போடுங்கள், சும்மா வைத்து ஜகாத்திலேயே கரைய விடாதீர்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக முவத்தாவில் இருக்கிறது. ஆனால் சூதாட்டம் மாதிரியான வியாபாரத்தில் அதைப் போடவும் கூடாது. வைப்பதும் குற்றம், வீசுவதும் குற்றம். இரண்டுக்கும் நடுவில் கண் விழித்துக் கொண்டிருப்பதுதான் பொறுப்பாளியின் வேலை. பிள்ளைகளும் நமக்கு அமானிதமே. அவர்களை நெருப்பே காணாமல் வளர்த்து, பதினெட்டு வயதில் பட்டாளத்துக்கு அனுப்புகிறோம். கலியாணம் செய்து கொடுத்து அடுப்படிக்கு அனுப்புகிறோம். அன்றைக்கு யார் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார்கள்?

ஏழு வயதில் தொழுகையைச் சொல்லிக்கொடு, பத்து வயதில் கண்டிப்புக் காட்டு என்பது மார்க்கம் கற்றுத் தந்த படிமுறை. நோன்பும் அப்படித்தான். முதலில் லுஹர் வரை அரை நோன்பு, அப்புறம் ஒரு வருஷம் தலை நோன்பு, அதற்கு வீட்டில் விருந்து. ஒரே நாளில் முப்பது நோன்பையும் பிள்ளையின் தலையில் யாரும் வைப்பதில்லை. "இன்னும் வயதாகட்டும்" என்று இருபது வயது வரைக்கும் காத்திருப்பதும் இல்லை. நெருப்பு விஷயத்தில் மட்டும் இந்தப் படிகளை ஏன் மறந்தோம்?

சிறுவனாயிருந்தபோது என் அத்தா என்னை எஸ்பிளனேடு பக்கமிருந்த சாத்தே கிளப்புக்கு அழைத்துப் போவார். 1995-ல் அதை மூடிவிட்டார்கள். அங்கே ஒரு மலாய்க்காரர் கடையில் என் வயதுப் பையன் ஒருவன் தகப்பனாரின் இடப்பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவான். குச்சியைத் திருப்புவது தகப்பன், காற்றுக் கொடுப்பது மகன். நெருப்பைக் கையால் தொடமாட்டான். நெருப்பை விட்டுக் கண்ணையும் எடுக்கமாட்டான். தகப்பன் தலையை அசைத்தால் நிறுத்துவான், மறுபடி அசைத்தால் வீசுவான். எனக்கு அவன்மேல் அப்படி ஒரு பொறாமை! சாத்தேயைவிட அந்த விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

2024-ஆம் ஆண்டுப் பெருநாளுக்கு மறுபடியும் போனோம். மச்சான் முதலில் மறுத்தார். பிறகு, "வருகிறேன், ஆனால் நான் பார்த்துக்கொண்டே நிற்பேன்" என்றார். நிற்பதற்கு ஓர் ஆள்தானே வேண்டியிருந்தது! அவரையே நெருப்புக்குக் காவலாக வைத்தோம். காவல் என்றால் வேறு வேலை இல்லை. சமைக்கக்கூடாது, பரிமாறக்கூடாது, கைத்தொலைபேசியைத் தொடக்கூடாது. நாம் கல்லாவில் ஆளில்லாமல் கடையை விட்டு இறங்குவோமா? டீ குடிக்கப் போனாலும், "கல்லாவைப் பாருங்கள்" என்று வாயால் சொல்லி, மற்றவர் "சரி" என்ற பிறகுதானே எழுந்திருக்கிறோம். முன்வருஷம் பதினொரு பெரியவர்கள் இருந்தும் ஒருவருக்கொருவர் மற்றவர் பார்ப்பார் என்று நினைத்தோம். பத்து வெள்ளி நோட்டுக்குக் கொடுத்த மரியாதையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை.

தொழுகைக்கும் இரண்டு ஜமாஅத்தாகப் பிரிந்தோம். போர்க்களத்தில் ஒரு கூட்டம் தொழும்போது மற்றொரு கூட்டம் காவல் நிற்கும் முறையை சூரத்துன் நிஸாவில் அல்லாஹ் கற்றுக் கொடுத்திருக்கிறான். எதிரியின் முன்னிலையிலேயே அப்படியொரு ஏற்பாடு உண்டென்றால், எதிரி என்று பெயர் சூட்டப்பட்ட நெருப்பின் முன்னிலையில் அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்று எனக்குப் பட்டது. இதில் பிழை இருந்தால் ஆலிம்கள் திருத்தட்டும்.

கரி பற்றவைக்குமுன்பே பிள்ளைகளைக் கூப்பிட்டு, அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளி அவர்கள் கையாலேயே மணலில் கோடு போடச் சொன்னோம். தாங்கள் போட்ட கோட்டை அவர்கள் எப்படிக் காத்தார்கள் என்கிறீர்கள்! என்னையே ஒருதடவை, "மாமா, வெறுங்கால்!" என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். செருப்பில்லாமல் அன்று அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. பெருநாள் சட்டைகளைக் கழற்றிப் பருத்திச் சட்டை போட வைத்தோம். பாலியஸ்டர் துணி நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதை ஜவுளிக்கடைச் சகோதரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

சின்னவர்கள் சாத்தேக் குச்சிகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெங்காயமும் வெள்ளரிக்காயும் அடுக்கினார்கள். எட்டு ஒன்பது வயதுக்காரர்கள் மஞ்சளும் செராயும் பிசறிய இறைச்சியைக் குச்சியில் கோத்து, கோத்து முடித்தவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். பச்சை இறைச்சித் தட்டில் வெந்ததை வைக்கக்கூடாது என்பதைக் கண்காணிக்கும் உத்தியோகத்தை ஒரு ஏழு வயதுக்காரிக்குக் கொடுத்தோம். அவளைப்போல் கண்டிப்பான இன்ஸ்பெக்டரை நான் கண்டதில்லை. பத்து வயதான என் மருமகனுக்கு விசிறி, காற்று வருகிற பக்கத்தில் நிற்கும்படியாக. பதினான்கு வயதுப் பையனுக்கு நீளமான இடுக்கி, பக்கத்தில் நான். எரிகிற கரியின்மேல் எண்ணெயோ, கை சுத்தம் செய்யும் சாராயத் திரவமோ ஊற்றக்கூடாது, தீ அந்தத் தாரையிலேயே ஏறிக் கைக்கு வந்துவிடும் என்பதை எல்லாருக்கும் சொன்னோம். கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் ஒன்றை இங்கே குறித்துக்கொள்ளவேண்டும்: மழை வந்தாலும் கரியடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டு போகாதீர்கள். அணைந்ததுபோல் தோன்றுகிற கரியிலிருந்தும் வாடையில்லாத நச்சுக் காற்று வரும், தூங்குகிறவன் எழுந்திருக்கமாட்டான்.

நடுவில் ஒரு சங்கடம். இடுக்கி பிடித்த பையன் ஒரு வரிசைச் சாத்தேயை அப்படியே கரியில் போட்டுவிட்டான். பன்னிரண்டு குச்சி! பக்கத்திலிருந்தவர் ஒருவர் "ஏய்!" என்று கத்த, பையன் துள்ளி, கை கம்பிக்கு ஓர் அங்குலம் பக்கத்தில் போய் வந்தது. நெருப்பருகே நிற்கிற பிள்ளையை அதட்டுவது அவனை நெருப்பில் தள்ளுவதற்குச் சமம் என்று அப்போதுதான் கண்டேன். அனஸ் (ரலி) அவர்கள் சிறுவனாக வந்து பத்து வருஷம் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தும், ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு கடிந்த சொல்லும் கேட்டதில்லை என்று அறிவித்திருப்பதை ஜும்ஆக்களில் எத்தனை முறை கேட்டிருப்போம்! நல்ல குணத்துக்கு உதாரணமாகத்தான் நான் அதை இதுவரை நினைத்திருந்தேன். பிள்ளையின் கை வேகாமல் இருப்பதற்கும் அது வழி என்பதை அங்கே பார்த்தேன். பையனைப் பின்னால் நகர்த்தி, தண்ணீர் குடிக்க வைத்து, மறுபடியும் இடுக்கியைக் கையில் கொடுத்தேன். அப்புறம் அவன் ஒன்றையும் விடவில்லை.

முடிவில் கரியை அடுப்பிலேயே விட்டு, பிள்ளைகளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, மச்சான் வாளித் தண்ணீரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஒரேயடியாகக் கவிழ்த்தால் நீராவி முகத்தில் அடிக்கும். கிளறிவிட்டு மறுபடி ஊற்றினார். மூன்று வாளி. இரண்டாவது வாளியிலேயே கரி கறுத்துவிட்டது. ஆனால் கிளறியபோது உள்ளே இருந்து மறுபடி "உஸ்" என்று சத்தம் வந்தது. என் மருமகன், "இன்னும் சாகவில்லை, மாமா" என்றான். அவன் சரி என்று சொன்ன பிறகுதான் நாங்கள் புறப்பட்டோம்.

என் தங்கை மகள் அன்று கோட்டுக்கு வெகுதூரத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பருகே வா என்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடாதென்று நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். படிகள் எல்லாருக்கும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. வெள்ளரிக்காய்த் தட்டை அவளிடம் கொடுத்திருந்தோம். அதற்கடுத்த வருஷம் அவளே எழுந்து வந்து, கோட்டின் மேல் செருப்பு நுனி படாமல் நின்று, அணைக்கிற வாளியை நான் தூக்கி வரட்டுமா என்று தன் அத்தாவிடம் கேட்டாள். மச்சான் என்னைப் பார்த்தார். நான் வாளியில் பாதித் தண்ணீரைக் கொட்டிக் குறைத்து அவளிடம் நீட்டினேன்.